பிரசவ வலிக்கு ஊசி போட்டால் மனச்சோர்வு வராதா?

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த முறை பிள்ளைப்பேறு பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் எல்லாருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. இரண்டாவது பிள்ளை, இப்போது ஏழு மாதம். மூத்தவனுக்கு முதல்நாள் சாயங்காலம் நோவு எடுத்து மறுநாள் மத்தியானம்தான் பிறந்தான். தாங்க முடியாமல் கத்தினேன், அதற்கு ஏச்சு வாங்கினேன். எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது, என்ன செய்கிறார்கள் என்றே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நான்கு மாதம் நான் நானாகவே இல்லை. பிள்ளை அழுதால் தூக்கத் தோன்றாது, ராத்திரி அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. காத்து கருப்பு என்று மாமியார் தாயத்து கட்டிவிட்டார். பிறகு தானாகவே சரியானது. கனடாவில் இருக்கிற சித்தி மகள், முதுகில் எபிடியூரல் ஊசி போட்டு வலியில்லாமல் பெற்றுக்கொண்டால் இந்த வியாதி வராது, அதை நிரூபித்துவிட்டார்கள் என்கிறாள். நகையை அடகு வைத்து கண்டியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? அவர் சரி என்கிறார், எனக்குத்தான் பயமாக இருக்கிறது.
– தலவாக்கலை

பதில்: தங்கச்சி, உங்களுக்கு வந்தது காத்தும் இல்லை கருப்பும் இல்லை. பிள்ளை தூங்குகிற நேரத்திலும் தாய்க்குத் தூக்கம் வராமல் இருப்பது, பெற்ற பிள்ளையைத் தூக்க மனசு வராமல் இருப்பது, இதெல்லாம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது, இதற்குப் பெயர் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு. பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை வருகிறது, அதில் மனச்சோர்வுதான் முதலிடம், நம்முடையதைப் போன்ற வளர்முக நாடுகளில் அது 20 பேரை நெருங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேரில் ஒருத்தி என்றால் ஒரு லயத்துக்கு ஒருத்தியாவது இருப்பாள். மருந்தும் பேச்சும் கொண்டு சில வாரங்களில் தூக்கிவிட்டிருக்கக்கூடிய ஒன்றை நீங்கள் நான்கு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள், அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, சித்தி மகள் சொன்னதற்கு வருவோம். அவர் சும்மா சொல்லவில்லை. 2014ல் பீஜிங்கில் 214 பெண்களைப் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. எபிடியூரல் எடுத்தவர்களில் ஆறாம் வாரத்தில் மனச்சோர்வு தெரிந்தது நூற்றுக்கு 14 பேருக்கு, எடுக்காதவர்களில் கிட்டத்தட்ட 35 பேருக்கு. இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், உலகம் முழுக்கப் பேசப்பட்டதும் அதனால்தான். ஆனால் ஒரு விஷயம். அந்த ஆய்வில் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை, வேண்டும் என்றவர்கள் எடுத்தார்கள், வேண்டாம் என்றவர்கள் விட்டார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரிந்த பெண்ணுக்குப் பின்னால் பணம், படிப்பு, புருஷனின் ஆதரவு என்று வேறு பலமும் இருக்கலாம், அந்தப் பலமே மனச்சோர்வைத் தள்ளி வைத்திருக்கலாம். அதற்கு முன்பே பின்லாந்தில் பார்த்தபோது, பிரசவ நேரத்தில் வலியை மரக்கச் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் மனம் கொஞ்சம் தெளிவாக இருந்தது, நான்காம் மாதம் வருவதற்குள் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. 2018ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் கணக்குப் போட்டவர்கள், ஒரு தாயின் மனச்சோர்வு மதிப்பெண் கூடுவதிலும் குறைவதிலும் பிரசவ வலி தணிந்ததற்கு உள்ள பங்கு நூற்றில் ஏழு கூட இல்லை என்றார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை.

ஆக ஊசிக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அது தடுப்பூசி இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இஸ்ரேலில் 1,300க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பார்த்த ஆய்வு. ஊசி எடுத்தாளா இல்லையா என்பதைவிட, அவள் நினைத்து வந்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்று ஆனதுதான் மனதைப் பாதிக்கிறது என்ற பக்கம் அது கை காட்டுகிறது. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வலித்தது என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஏசினார்கள், விளங்கவில்லை என்பதை அடுத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காயம் அங்கேதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அதனால் நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடன் என்பது மனச்சோர்வைக் கொண்டுவருகிற காரணங்களில் ஒன்று, பிள்ளை பிறந்து மாதம் மூன்றில் வட்டி கட்ட வழியில்லாமல் நீங்களும் அவரும் முகம் பார்க்காமல் இருந்தால், அந்த ஊசி தந்த நிம்மதி எந்த மூலைக்கு? தலவாக்கலையில் நோவு எடுத்து கண்டிக்கு அந்த வளைவு ரோட்டில் இரண்டரை மூன்று மணிநேரம் போவதையும் யோசியுங்கள், அதுவும் இரண்டாவது பிள்ளை, முதலாவதைவிட வேகமாக வரும். எபிடியூரல் வேண்டும் என்று உங்களுக்கு மனசார இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கிளினிக்கில் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை போன்ற பெரிய இடங்களில் மயக்க மருந்து நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள்தான் ஒப்பரேஷன் தியேட்டரையும் பார்க்க வேண்டும், நீங்கள் கேட்கிற நேரத்தில் உள்ளே ஓர் அவசர சீசர் ஓடிக்கொண்டிருக்கலாம். அதையும் இப்போதே தெரிந்துகொண்டு போனால் அந்த நேரத்தில் மனசு உடையாது.

எபிடியூரல் கிடைக்காவிட்டால் வெறும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடக்க வேண்டும் என்றும் இல்லை. பெத்திடின் ஊசி எங்கும் இருக்கிறது. அது வலியை முழுதாக எடுக்காது, தூக்கக் கலக்கமும் குமட்டலும் தரும், பிறக்கப் போகிற நேரத்துக்குக் கிட்டப் போட்டால் பிள்ளையின் மூச்சு மந்தமாகலாம், அதனால்தான் நேரம் பார்த்துப் போடுவார்கள், கேட்டவுடன் தரவில்லை என்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். சில இடங்களில் என்டோனொக்ஸ் வாயு இருக்கிறது, பாதி ஒட்சிசன் பாதி நைட்ரஸ் ஒக்சைட், முகமூடியை நீங்களே பிடித்து நோவு தொடங்கும்போதே இழுக்க வேண்டும், உச்சத்துக்குப் போன பிறகு இழுத்தால் பிரயோசனம் குறைவு. படுத்தே கிடக்காமல் நடந்தால், நிமிர்ந்து உட்கார்ந்தால் கருப்பை வாய் திறக்கிற கட்டம் சராசரியாக ஒரு மணிநேரத்துக்கும் மேல் குறைகிறது. இடுப்பில் யாராவது உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால் எவ்வளவு இதமாக இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

அந்த "யாராவது" தான் இதில் பெரிய மருந்து. பிரசவம் முழுக்க ஒரு துணை பக்கத்தில் இருந்தால் வலி மருந்தின் தேவையும் சீசரும் குறைகிறது, நேரமும் குறைகிறது என்று 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் சொல்லிவிட்டார்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் லேபர் ரூமுக்குள் ஒரு பெண் துணையை விடுகிறார்கள், இடவசதியைப் பொறுத்து மாறும். அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் சிங்களம் சரளமாகப் பேசுகிற அக்காவோ மதினியோ இருந்தால் அவரையே கூட்டிப் போங்கள். யாருமே இல்லாவிட்டாலும் மூன்று வார்த்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ரிதெனவா" என்றால் வலிக்கிறது, "தராகன்ன பே" என்றால் தாங்க முடியவில்லை, "மொகத கரன்னே" என்றால் என்ன செய்கிறீர்கள். மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் உடம்பில் கை வைக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கடைசியாக இதைக் கட்டாயம் செய்யுங்கள். முதல் பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தவளுக்கு மறுபடி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே மிட்வைஃப் மிஸ்ஸிடம் அன்று நடந்ததைச் சொல்லி, கிளினிக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு அவர் வீட்டுக்கு வருவார், பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கேட்பார். 1987ல் ஸ்கொட்லாந்தில் உருவான கேள்விகள், தமிழிலும் இருக்கிறது, போன ஏழு நாள் மனசு எப்படி இருந்தது என்பதுதான் அதில் உள்ளது. பல தாய்மார் மாமியார் பக்கத்தில் நிற்க எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் மிஸ்ஸைத் தனியாகக் காம்பராவுக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது இரத்தச் சோகை, இரத்தச் சோகையோடு பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இரும்புச் சத்து வில்லையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், தேயிலை அதை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணிநேரமாவது விடுங்கள்.

கேள்வி: நான் பிள்ளை பெற்றது லயத்துக் காம்பராவிலும் தோட்டத்து வார்ட்டிலும். அஞ்சு பிள்ளை. ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. இப்போது மருமகள் முதுகில் ஊசி போட்டுப் பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். அப்படிப் போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி, இடுப்புக்குக் கீழே விழுந்துபோகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வலியை அனுபவித்தால்தானே பிள்ளை மேல் பாசம் வரும்?
– பதுளை

பதில்: அம்மா, ஐந்து பிள்ளையை அப்படிப் பெற்று வளர்த்த உங்களுக்கு நான் வலியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முதுகு விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சரியில்லை. அந்த ஊசி முள்ளந்தண்டு நரம்புக்குள் போவதில்லை. நரம்புத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும், ஊசி அதற்குக் கீழே, உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைப்பதற்குத்தான். குத்திய இடம் சில நாள் நோகும். பிள்ளை பெற்ற பிறகு முதுகுவலி வருவது ஊசி போடாதவர்களுக்கும் அதே அளவில்தான், குனிந்து பால் கொடுப்பதும் பிள்ளையைத் தூக்குவதும் கூடையைச் சுமப்பதும் போதுமே அதற்கு. நிரந்தரமாகக் கால் விழுந்துபோவது மிக மிக அபூர்வம்.

உண்மையில் வரக்கூடிய தொல்லைகள் வேறு. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், அதனால் கையில் சேலைன் ஏற்றி அடிக்கடி அழுத்தம் பார்ப்பார்கள். உடம்பு அரிக்கும், காய்ச்சல் வரலாம், முக்குகிற கட்டம் கொஞ்சம் நீளும். நூற்றுக்கு ஒருவர் அளவில் கடுமையான தலைவலி வரும், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், அப்படி வந்தால் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. சீசரில் போய் முடியும் என்ற பயமும் வேண்டாம், 11,000 பெண்களுக்கு மேல் பார்த்தும் சீசர் கூடவில்லை. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கு, இரத்தத்தை இளக்குகிற மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஊசி ஒத்துவராது, அதை அவர்களே பார்த்துத்தான் போடுவார்கள்.

பாசம் வலியில் இருந்து வருவதில்லை அம்மா. தத்தெடுத்த பிள்ளைக்கும் பெற்ற பாசம் வைக்கிறவர்கள் இருக்கிறார்களே. சொல்லப்போனால் வலியிலும் பயத்திலும் அடிபட்டுப்போன பெண்ணுக்குத்தான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கொஞ்ச நாள் ஆகிறது. உங்கள் காலத்திலும் இது இருந்தது, "பிள்ளை பெத்து புத்தி மாறிப்போச்சு" என்று சொல்லி அவளை வீட்டோடு வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நல்லதும் இருந்தது. முப்பது நாள் கழியும்வரை பெற்றவளுக்கு வேலை கொடுக்காமல், தண்ணி வார்த்து, பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்க விடுவீர்களே, அதை அப்படியே உங்கள் மருமகளுக்கும் செய்யுங்கள், மனச்சோர்வுக்கு எதிராக அதைவிடப் பெரிய உதவி இல்லை. பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் பழத்தையும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பால் கொடுக்கிறவளுக்கு அதெல்லாம் வேண்டும். ஊசியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது மருமகள். லேபர் ரூமுக்குத் துணையாகப் போக நீங்கள் தயாரா என்று அவளிடம் கேட்டுப் பாருங்களேன், ஐந்து பெற்ற கை பக்கத்தில் இருந்தால் அவளுக்கு எவ்வளவு தைரியம்.

கேள்வி: டாக்டர், நான் கொழும்பில் கடையில் வேலை. மனைவி ஊரில், பிள்ளை பிறந்து ஐந்து வாரம். போனில் அழுகிறாள். நேற்று "பிள்ளையை நீங்க பாத்துக்கங்க, நான் இருந்து யாருக்கு என்ன" என்றாள். வீட்டில் கேட்டால் செல்லம் கொஞ்சுகிறாள் என்கிறார்கள். மாதக் கடைசிக்குத்தான் லீவு.
– வெலிமடைப் பக்கம்

பதில்: தம்பியின் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டேன், அவரும் அன்றிரவே பஸ் ஏறிவிட்டார். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

"நான் இருந்து என்ன" என்று ஒரு தாய் சொன்னால் அது செல்லம் இல்லை. மாதக் கடைசிவரை காத்திருக்கக் கூடாது, முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை அவளோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டும், ராத்திரியும். மரக்கறித் தோட்டம் உள்ள வீடுகளில் பூச்சி மருந்துப் போத்தல் அடுப்படி மூலையிலோ கூரை இடுக்கிலோ இருக்கும், முதலில் அதை வீட்டை விட்டே எடுத்துவிடச் சொல்லுங்கள், மாத்திரைகளையும் கூட. அப்புறம் நேராகக் கேளுங்கள், "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்கள்தான் அதிகம். ஆம் என்றால் எந்த நேரமானாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வாகனம் இல்லை என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பேசுவதற்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து என்று ஆண்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் அளவில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிப் பேருக்கு மேல் வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும், அதற்கு அணைப்பும் தூக்கமும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் அது மனச்சோர்வு, வைத்தியம் வேண்டும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவாள், இல்லாத குரல் கேட்கும், பிள்ளையில் ஏதோ இறங்கியிருக்கிறது என்பாள், யாரோ கொல்ல வருகிறார்கள் என்பாள். அன்று பூசாரியிடம் போகாதீர்கள். அது அவசரம், அன்றே ஆஸ்பத்திரி, தாயையும் பிள்ளையையும் தனியாக விடவே கூடாது. முறையாகப் பார்த்தால் முழுதாகக் குணமாகும்.

வீட்டில் இருக்கிற கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி ஒரு தடவை பிள்ளையை நீங்கள் எடுத்து, துணி மாற்றி, பால் குடிக்க மட்டும் அவளிடம் கொடுத்து, ஏப்பம் வர வைத்துத் தூங்கவையுங்கள். குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிற வீட்டில் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. அடி வாங்குகிற பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

கேள்வி: சீசர் செய்து எட்டு நாள். தையல் வலி தாங்கவில்லை. பாலில் போகும் என்று அம்மா மாத்திரை போட விடுவதில்லை. பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?
– ஹட்டன்

பதில்: வேண்டாம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பரசிட்டமோலும் டைக்ளோஃபெனாக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றவைதான், பாலில் போவது மிகச் சொற்பம். நேரத்துக்குப் போடுங்கள், வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்து போடாதீர்கள். 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சுமார் 1,300 தாய்மாரிடம் பார்த்ததில், பிள்ளை பிறந்த மறுநாள் கடும் வலியில் இருந்தவர்களுக்கு எட்டாம் வாரத்தில் மனச்சோர்வு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது, சீசரா சுகப்பிரசவமா என்பது அங்கே பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பெறும்போது உள்ள வலியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் பெற்ற பிறகு உள்ள வலியை மறந்துவிடுகிறோம். ஆனால் எட்டாம் நாளும் வலி கூடிக்கொண்டே போனால், தையல் சிவந்து சீழ் கசிந்தால், காய்ச்சல் அடித்தால், மாத்திரையோடு நிற்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் எழுதித் தந்திருக்கிறார்கள். பால் நிறுத்த வேண்டுமா? இதற்குப் பழகிவிடுவேனா?
– மஸ்கெலியா

பதில்: பாலை நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கிற தாய்மாருக்கு முதலில் எடுக்கிற மருந்துகளில் ஒன்று அது, பிள்ளைக்குப் போவது மிகக் குறைவு. போதை மருந்துபோலப் பழக்கமாகாது. ஆனால் போட்ட மறுநாளே வேலை செய்யாது, இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பலர் பத்தாம் நாளே "இது சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். தெளிவான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போதும் வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாக. ஒன்று கேளுங்கள், தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று. பிள்ளை பெற்ற பிறகு சிலருக்குத் தைரொயிட் கோளாறு வந்து அதுவே சோர்வாகத் தெரியும்.

கேள்வி: மூன்றாவது பிள்ளை. மூன்றாவதுக்கு ஆறு வாரம்தான் லீவு, பிறகு மலைக்கு வர வேண்டும் என்கிறார்கள். உடம்பு இன்னும் தேறவில்லை, அழுகை அழுகையாக வருகிறது. உண்மையா?
– பொகவந்தலாவை

பதில்: அது பழைய சட்டம். 2018ல் திருத்திவிட்டார்கள், எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம், சம்பளத்தோடு. வேலைக்குத் திரும்பிய பிறகும் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை நேரம் தர வேண்டும், பிள்ளைக் காம்பரா இருக்கிற தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரை மணிநேரம், இல்லாத இடத்தில் ஒரு மணிநேரம். அந்த நேரத்தைச் சம்பளத்தில் வெட்டக் கூடாது. தோட்டத்து ஆபீசில் முதலில் எழுத்தில் கேளுங்கள், தலைவரையும் கூட்டிப் போங்கள், சரிவராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், கிளினிக் கார்டின் பிரதியும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால் லீவு சண்டை முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.